பெட்டிகளில் வந்து இறங்கிய பழைய கார்: யார் இந்த புரூஸ் மெக்லாரன்?

பார்முலா 1 பந்தயம் பார்ப்பவர்களுக்கு மெக்லாரன் என்றதும் பப்பாளிப் பழ நிறத்தில் சீறிப் போகும் கார்தான் ஞாபகத்துக்கு வரும். 26 வருட இடைவெளிக்குப் பிறகு 2024-ல் அணிகளுக்கான சாம்பியன் பட்டத்தை வென்ற அணி அது. பல கோடி ரூபாய் விலையில் ஸ்போர்ட்ஸ் கார் விற்கும் கம்பெனிக்கும் அதே பெயர்தான்.

மெக்லாரன் என்பது ஒரு பிராண்ட் பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு மனிதரின் பெயர். நியூஸிலாந்தில் பிறந்து, 32 வயதில் இறந்துபோன புரூஸ் மெக்லாரன். ரேஸ் டிரைவர், இன்ஜினீயர், முதலாளி என மூன்று வேலையையும் ஒரே நேரத்தில் பார்த்தவர். கையில் ஸ்பானர் பிடிக்கவும், காரின் பேச்சைக் கேட்கவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தது, வீட்டில் அப்பா வாங்கிப் போட்ட ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். நல்ல கார் என்று கூட அதைச் சொல்ல முடியாது. ஆனால், அதன் குறைகள்தான் அவருக்குப் பாடமாக இருந்தன.

இரண்டு வருடம் படுக்கையில்

1937 ஆகஸ்ட் 30-ல் ஆக்லாந்து நகரில் பிறந்தார் புரூஸ். அப்பா லெஸ், அம்மா ரூத். ரெமுயேரா என்ற பகுதியில் அவர்களுக்குச் சொந்தமாக ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. கூடவே ஒர்க்‌ஷாப்பும் உண்டு. லெஸ் சும்மா பங்க் நடத்தியவர் மட்டும் அல்ல, உள்ளூர் பந்தயங்களில் ஓட்டியவர். அதனால் கிரீஸ் வாசனையிலேயே வளர்ந்தார் புரூஸ்.

ஒன்பது வயதில் இடுப்பில் வலி வந்தது. பரிசோதித்தபோது பெர்த்தஸ் நோய் என்று தெரிந்தது. தொடை எலும்பின் பந்து போன்ற மேல்முனைக்கு ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு பலவீனமாகிச் சிதையும் நோய் அது. குழந்தைகளுக்கு வரக்கூடியது. அந்தக் காலத்தில் அதற்கு இருந்த வைத்தியம், இடுப்பில் எடையே விழாமல் பார்த்துக்கொள்வது. அதாவது, மாதக்கணக்கில் படுக்கை.

ஆக்லாந்தின் டாகாபுனா பகுதியில் இருந்த வில்சன் இல்லத்தில் புரூஸ் சேர்க்கப்பட்டார். சக்கரம் வைத்த ஒரு சட்டத்தில் கால்களை இழுத்துக் கட்டிப் படுக்க வைத்துவிடுவார்கள். ஏறக்குறைய இரண்டு வருடம் அங்கேதான் இருந்தார். மறுபடி நடக்க முடியுமா என்பதே அப்போது கேள்வியாக இருந்தது.

நடந்தார். ஆனால், இடது கால் வலது காலைவிடச் சற்றுக் குட்டையாகிவிட்டது. லேசாகச் சாய்ந்து நடப்பது கடைசிவரை மாறவில்லை. ஓடியாடும் விளையாட்டுகளில் பெரிதாக எதுவும் செய்ய முடியாது என்ற நிலை. வீட்டுக்குத் திரும்பிய பையனுக்குப் போக்கிடமாக இருந்தது அப்பாவின் ஒர்க்‌ஷாப்.

110 பவுண்டுக்கு ஒரு தலைவலி

புரூஸ் பதின்பருவத்துக்குள் நுழைந்த நேரம் அது. லெஸ் 110 பவுண்டு கொடுத்து ஒரு பழைய காரை வாங்கினார். 1929-ம் வருடத்து ஆஸ்டின் 7 அல்ஸ்டர். கார் என்று சொன்னாலும் அது ஓடி வரவில்லை. பிரித்துப் போட்ட பாகங்களாக, பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது.

லெஸ்ஸின் கணக்கு எளிமையானது. பாகங்களைச் சேர்த்து, ஓட வைத்து, லாபத்துக்கு விற்றுவிடுவது. அப்பாவும் மகனும் சேர்ந்து மாதக்கணக்கில் அதைக் கட்டினார்கள். கார் தயாரானது. லெஸ் ஒரு ரவுண்ட் ஓட்டிப் பார்த்தார். பிரேக்கும் சரியில்லை, வளைவில் போகும் விதமும் சரியில்லை. இது ஆபத்தான வண்டி, விற்றுவிடலாம் என்ற முடிவுக்கு வந்தார்.

விற்க வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தவர் புரூஸ். கெஞ்சிக் கேட்டு, கடைசியில் அப்பாவைச் சம்மதிக்க வைத்தார். பந்தயங்களில் ஓட்டிப் பழகிய ஒருவரே வேண்டாம் என்று ஒதுக்கிய கார், ஓட்டத் தெரியாத ஒரு பள்ளிப் பையன் கைக்குப் போனது.

ஆஸ்டின் 7-ஐ ஏன் வீட்டிலேயே பிரிக்க முடிந்தது?

இங்கிலாந்தில் 1922-ல் விற்பனைக்கு வந்த குட்டிக் கார் ஆஸ்டின் 7. மோட்டார் சைக்கிளும் சைடு காரும் வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்களைக் காருக்கு மாற்றிய வண்டி. 1939 வரை சுமார் 2,90,000 கார்கள் உற்பத்தியாகின. ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ விற்ற முதல் காரே ஆஸ்டின் 7-ஐ லைசென்ஸ் வாங்கித் தயாரித்த டிக்ஸிதான். லோட்டஸ் கம்பெனியை உருவாக்கிய காலின் சாப்மன் கட்டிய முதல் காரும் ஒரு பழைய ஆஸ்டின் 7-ஐப் பிரித்துச் செய்ததுதான்.

இத்தனை பேர் கையில் அது ஏன் பள்ளிக்கூடமாக மாறியது? காரணம், எல்லாமே கண்ணுக்குத் தெரிந்தது. 747 சிசி, நான்கு சிலிண்டர் இன்ஜின். இன்றைய பெரிய பைக் இன்ஜின்களைவிடச் சின்னது. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கவாட்டில் இருந்ததால் மேலே இருக்கும் ஹெட்டை நட்டுகளைக் கழற்றித் தூக்கிவிடலாம். உள்ளே படிந்த கரியைச் சுரண்டி எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டலாம். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது.

எளிமையாக இருந்ததே தவிர, நல்லபடியாக நடந்துகொள்ளும் வண்டி அல்ல. பிரேக் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் இன்றைய முறை அதில் இல்லை. சைக்கிள் பிரேக் மாதிரி கேபிளை இழுத்துப் பிடிக்கும் முறைதான். நான்கு சக்கரத்துக்கும் கேபிளைச் சமமாக முறுக்கி வைக்காவிட்டால், பிரேக் போட்டதும் கார் ஒரு பக்கமாக இழுக்கும். கிளட்ச் இன்னும் மோசம். மிதியின் நகர்வு மிகக் குறைவு. காலை எடுத்தால் உடனே பிடித்துவிடும்.

சஸ்பென்ஷனில் இன்னொரு வம்பு. முன்னால் குறுக்கே ஒரே ஒரு வில் பட்டை. பின்னால் இரண்டு பக்கமும் பாதி வில் பட்டைகள். வளைவில் கார் சாயும்போது இந்தப் பட்டைகள் வளைந்து, பின் அச்சையே லேசாகத் திருப்பிவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பாமலேயே கார் தானாகத் திரும்புகிற மாதிரி இருக்கும். லெஸ்ஸுக்கு ஒரே ரவுண்டில் வெறுத்துப்போனதற்கு இதெல்லாம் காரணமாக இருந்திருக்கலாம்.

அல்ஸ்டர் என்பது அந்த ஆஸ்டின் 7-ன் ஸ்போர்ட்ஸ் வடிவம். 1929-ல் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் நடந்த பந்தயத்தில் இந்தக் குட்டிக் கார்கள் மூன்றாம், நான்காம் இடங்களைப் பிடித்தன. பெயர் அங்கிருந்து வந்தது. எடை குறைந்த அலுமினிய உடம்பு, தரையோடு ஒட்டிய அமைப்பு, வேகம் கொஞ்சம் அதிகம். வேகம் கூடினால் குறைகளும் கூடத்தான் தெரியும்.

பழைய காரை வீட்டில் வைத்துப் பராமரிப்பவர்களுக்கு இந்த வாழ்க்கை பழக்கமானது. ஒரு கோளாறைச் சரி செய்தால் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த இன்னொன்று வெளியே வரும். ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மாற்றினால், எது வேலை செய்தது என்றே தெரியாது. ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், அடுத்ததை மாற்று. இதற்குக் குறுக்கு வழி கிடையாது. புதுக் கார் வைத்திருப்பவருக்கு இந்தப் பொறுமை தேவையே இல்லை. புரூஸுக்கு வேறு வழியே இல்லை.

பழ மரங்களுக்கு நடுவே ஒரு டிராக்

வீட்டின் பின்புறத் தோட்டத்தில் பழ மரங்கள் இருந்தன. அவற்றைச் சுற்றி ஆங்கில எட்டு வடிவத்தில் ஒரு பாதை போட்டு, அதில்தான் புரூஸ் ஓட்டப் பழகினார். எட்டு வடிவத்துக்கு ஒரு லாபம் உண்டு. இடது வளைவு, வலது வளைவு இரண்டும் மாறி மாறி வரும். காரின் எந்தப் பக்கத்தில் கோளாறு என்பது சில ரவுண்டுகளிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

1952-ல், பள்ளி வயதிலேயே, ஆக்லாந்துக்கு வடமேற்கே முரிவாய் கடற்கரையை ஒட்டிய மலையேற்றப் போட்டியில் அந்தக் காருடன் இறங்கினார். அதுதான் முதல் போட்டி. அந்த நாட்களில் போட்டியாளராகப் பழக்கமான பில் கெர், பிற்காலத்தில் மெக்லாரன் அணியின் நிர்வாகத்தையே கவனித்துக்கொண்டார்.

அல்ஸ்டருக்குப் பிறகு ஃபோர்டு 10 பாகங்களில் செய்த ஒரு கார், அடுத்து ஆஸ்டின் ஹீலி, பிறகு கூப்பர் என்று படிப்படியாக ஏறினார். நடுவில் செடன் டெக்னிக்கல் காலேஜில் படித்துவிட்டு, ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் இன்ஜினீயரிங் சேர்ந்தார். படிப்பை முடிக்கவில்லை. அதற்குள் வேறு கதவு திறந்துவிட்டது.

திறமையான ஒரு டிரைவரைத் தேர்ந்தெடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் திட்டத்தை நியூஸிலாந்து பந்தய அமைப்பு 1958-ல் தொடங்கியது. முதலில் தேர்வானவர் புரூஸ். இங்கிலாந்தின் சர்பிடன் நகரில் இருந்த கூப்பர் கார் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவருக்காகப் பளபளவென்று ஒரு கார் காத்திருக்கவில்லை. தன் காரைக் கட்டும் வேலையில் அவரும் இறங்க வேண்டியிருந்தது. பெட்டிகளில் வந்த காரைக் கட்டி எழுப்பியவருக்கு அது புது விஷயம் அல்ல.

அந்த வருடம் ஆகஸ்டில் ஜெர்மன் கிராண்ட் பிரீ. பெரிய இன்ஜின் வைத்த பார்முலா 1 கார்களும் சின்ன பார்முலா 2 கார்களும் ஒன்றாக ஓடின. சின்னக் காரில் ஓடிய புரூஸ் மொத்தத்தில் ஐந்தாவதாகவும், பார்முலா 2 பிரிவில் முதலாவதாகவும் வந்தார். அதற்குப் பிறகு அவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பெட்ரோல் தீர்ந்ததால் கிடைத்த வெற்றி

1959 டிசம்பர் 12. அமெரிக்காவின் செப்ரிங் டிராக். கடைசி ரவுண்டு. முன்னால் போய்க்கொண்டிருந்தவர் கூப்பர் அணியின் மூத்த டிரைவர் ஜாக் பிரபாம். அவர் காரில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பின்னால் வந்த புரூஸ் தாண்டிப் போய் ஜெயித்தார். பிரபாம் இறங்கிக் காரைத் தள்ளிக்கொண்டே வந்து நான்காவதாகக் கோட்டைத் தாண்டினார். உலக சாம்பியன் பட்டம் அவருக்குத்தான்.

புரூஸுக்கு அப்போது வயது 22 வருடம் 104 நாள். கிராண்ட் பிரீ பந்தயத்தில் ஜெயித்த மிக இளம் டிரைவர் என்ற அந்தச் சாதனை, 2003-ல் பெர்னாண்டோ அலோன்சோ முறியடிக்கும்வரை நிலைத்தது. அடுத்த வருடம் அர்ஜென்டினாவில் ஜெயித்தார். 1960 சாம்பியன்ஷிப்பில் பிரபாமுக்கு அடுத்த இடம். 1962-ல் மொனாக்கோவில் வெற்றி.

மண் தரைக் கொட்டகையில் ஒரு கம்பெனி

1963-ல் சொந்தப் பெயரில் கம்பெனி தொடங்கினார். கூப்பர் அணிக்கு ஓட்டிக்கொண்டே இதையும் நடத்தினார். ஆனால், சந்தோஷத்துக்கு நடுவே அடி விழுந்தது. 1964 பிப்ரவரியில், ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டு டிராக்கில் நடந்த விபத்தில் அவருடைய அணியின் இளம் டிரைவர் டிம்மி மேயர் இறந்தார். அந்தத் தொழிலில் மரணம் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்பது புரூஸுக்கு முன்பே தெரியும். இந்த முறை அது தன் அணிக்குள்ளேயே வந்திருந்தது. இருந்தும் நிறுத்தவில்லை.

லண்டன் அருகே நியூ மால்டனில் ஒரு கொட்டகை. மண் தரை. மண் சமன் செய்யும் ராட்சத இயந்திரம் ஒன்றும் அதே கொட்டகையில் நின்றது. அங்கேதான் மெக்லாரன் அணி தன் பெரிய ஸ்போர்ட்ஸ் காரில் கை வைத்தது. அதுவும் புதுக் கார் அல்ல.

ஸெரெக்ஸ் ஸ்பெஷல் என்று அதற்குப் பெயர். 1961-ல் அமெரிக்காவில் விபத்தில் சிக்கிய ஒரு கூப்பர் பார்முலா 1 காரை, பிற்காலத்தில் பெரிய அணி உரிமையாளராக ஆன ரோஜர் பென்ஸ்கி வாங்கி, ஸ்போர்ட்ஸ் காராக மாற்றியிருந்தார். பலர் கை மாறி அது 1964-ல் புரூஸிடம் வந்தது. அவருடைய ஆட்கள் நடுப்பகுதிச் சட்டத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்ற வைத்தார்கள். ஓல்ட்ஸ்மொபில் கம்பெனியின் அலுமினிய வி8 இன்ஜினைப் பொருத்தினார்கள். ஜூன் மாதம் கனடாவின் மோஸ்போர்ட் டிராக்கில், மாற்றி அமைத்த பிறகு ஓடிய முதல் பந்தயத்திலேயே அது ஜெயித்தது.

அதற்குப் பிறகுதான் முழுக்கச் சொந்தமாக வடிவமைத்த மெக்லாரன் கார்கள் வந்தன. ஆரம்பம், மற்றவர்கள் உபயோகித்துக் கழித்த ஒரு வண்டிதான்.

படபடத்த மூடி சொன்ன சேதி

புரூஸின் வேலை முறையைப் புரிந்துகொள்ள ஒரு சம்பவம் போதும். ஒரு சோதனை ஓட்டத்தில், காரின் முன்பக்கம் இருந்த பெட்ரோல் மூடியின் கதவு சரியாகப் பூட்டப்படவில்லை. வேகம் எடுத்ததும் அது படபடவென்று மேலே தூக்கித் தூக்கி அடித்தது.

வேறு யாராக இருந்தாலும் நிறுத்தி மூடச் சொல்லியிருப்பார்கள். புரூஸ் வேறு மாதிரி யோசித்தார். முன்னால் இருந்து வரும் காற்று மூடியைக் கீழேதானே அழுத்த வேண்டும், ஏன் மேலே தூக்குகிறது? அப்படியென்றால் உள்ளே காற்றின் அழுத்தம் வெளியே இருப்பதைவிட அதிகம். ரேடியேட்டர் வழியாக உள்ளே போகும் காற்று வெளியேற வழி இல்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது.

காரை நிறுத்தினார். தகடு வெட்டும் கத்திரியை எடுத்தார். ரேடியேட்டருக்குப் பின்னால் உடம்புத் தகட்டையே வெட்டி ஓட்டை போட்டார். திரும்ப ஓட்டியபோது வேகம் கூடியிருந்தது. ஸ்போர்ட்ஸ் கார்களின் முன்பக்கத்தில் மூக்குத் துவாரம் போல இருக்கும் அமைப்பு அவர் கார்களில் இப்படித்தான் வந்தது. பழ மரங்களுக்கு நடுவே அல்ஸ்டரை ஓட்டிப் பழகியவரின் வேலை அது: உணர்வது, காரணம் தேடுவது, உடனே கையால் மாற்றுவது, மறுபடி ஓட்டிப் பார்ப்பது.

உச்சத்தில் சில வருடங்கள்

1966-ல் மொனாக்கோவில் மெக்லாரன் அணியின் முதல் பார்முலா 1 கார் களம் இறங்கியது. அதே ஜூனில், சக நியூஸிலாந்துக்காரர் கிறிஸ் ஏமனோடு சேர்ந்து ஃபோர்டு காரில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார். 2019-ல் வந்த ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி படத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவு நினைவிருக்கும். இரண்டு ஃபோர்டு கார்கள் சேர்ந்தாற்போல வந்தன. தொடக்கத்தில் பின்னால் நின்ற புரூஸின் கார் அதிக தூரம் ஓடியதாகக் கணக்கிட்டு, வெற்றி அதற்கே கொடுக்கப்பட்டது.

1968-ல் பெல்ஜியம் கிராண்ட் பிரீயில் தன் பெயர் பொறித்த காரிலேயே ஜெயித்தார். தானே கட்டிய காரில் கிராண்ட் பிரீ வென்றவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதிலும் பெட்ரோல்தான் விளையாடியது. முன்னால் போன ஜாக்கி ஸ்டீவர்ட் எரிபொருளுக்காக நிற்க வேண்டியதாயிற்று. தான் ஜெயித்ததே புரூஸுக்கு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

ஆனால், அணிக்குப் பேரும் பணமும் கொடுத்தது வட அமெரிக்காவின் கேன்-ஏம் ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம். இன்ஜின் அளவுக்குக் கட்டுப்பாடே இல்லாத போட்டி அது. பப்பாளி நிறம் பிரபலமானது இங்கேதான். 1967-லும் 1969-லும் புரூஸ் சாம்பியன். நடுவில் 1968-ல் அவருடைய நண்பரும் அணித் தோழருமான டென்னி ஹல்ம். 1969-ல் நடந்த 11 பந்தயங்களிலும் மெக்லாரன் கார்களே ஜெயித்தன.

அடுத்து சாலையில் ஓடும் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை விற்க வேண்டும் என்ற ஆசை வந்தது. பந்தயக் காரை வைத்து எம்6ஜிடி என்ற மாதிரி ஒன்றைத் தயாரித்தார்கள். அதற்கு நம்பர் பிளேட் மாட்டி, தன் சொந்தக் காராகவே புரூஸ் ஓட்டினார். ஓட்ட ஓட்டக் குறைகள் தெரியும், தெரிந்ததைச் சரி செய்யலாம் என்பதே திட்டம்.

குட்வுட், 1970 ஜூன் 2

1970 மே மாதம் இண்டியானாபோலிஸ் பயிற்சியில் தீப்பிடித்து டென்னி ஹல்மின் கைகள் கருகின. கேன்-ஏம் சீசன் தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை. புதிய எம்8டி காரைச் சோதித்தாக வேண்டும். தென் இங்கிலாந்தின் குட்வுட் டிராக்கில், வழக்கம்போலப் புரூஸே ஸ்டீயரிங் பிடித்தார்.

நேர்சாலையில் முழு வேகத்தில் போனபோது காரின் பின்பக்க உடம்புப் பகுதி கழன்று எழும்பியது. அந்தப் பகுதிதான் காற்றின் அழுத்தத்தைப் பயன்படுத்திப் பின்சக்கரங்களைத் தரையோடு பிடித்து வைத்திருந்தது. அது போனதும் பிடி போனது. கார் சுழன்று, பாதையை விட்டு விலகி, கொடி காட்டுபவர்களுக்காகக் கட்டப்பட்டிருந்த மேடையில் மோதியது. புரூஸ் அங்கேயே இறந்தார். வீட்டில் மனைவி பாட்ரிஷியாவும் நான்கு வயது மகளும் இருந்தார்கள்.

ஒரு மூடி படபடத்ததை வைத்துக் காற்றின் போக்கைக் கண்டுபிடித்தவர், காற்று தூக்கிய ஒரு தகட்டால் போனார். முதலாளி ஆன பிறகும் சோதனை ஓட்டத்தை வேறு ஆளிடம் விடாததுதான் அவருடைய பலம். அதன் விலையும் அதுவாகவே இருந்தது.

பிறகு என்ன ஆனது?

அணி கலையவில்லை. 12 நாளில், ஜூன் 14-ம் தேதி, மோஸ்போர்ட்டில் கேன்-ஏம் சீசனின் முதல் பந்தயம். புரூஸின் இடத்தில் அமெரிக்க டிரைவர் டேன் கர்னி எம்8டி காரை ஓட்டி ஜெயித்தார். கைக்காயம் முழுசாக ஆறாத டென்னி ஹல்ம் அந்த வருடச் சாம்பியன் ஆனார். சாலை ஸ்போர்ட்ஸ் கார் திட்டம் மட்டும் அப்படியே நின்றுபோனது. மெக்லாரன் பெயரில் அப்படி ஒரு கார் விற்பனைக்கு வர 1990-கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

லெஸ் விற்க நினைத்த அந்த ஆஸ்டின் 7 அல்ஸ்டர் அழியவில்லை. இங்கிலாந்தின் வோக்கிங் நகரில் இருக்கும் மெக்லாரன் தலைமையகத்தில், உலக சாம்பியன் பட்டங்கள் வென்ற கார்களின் வரிசையில் அதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். பார்க்க ரொம்பச் சின்னதாக இருக்கும். கேபிள் பிரேக்தான்.